வீரம்மாவைத் திறந்தால்

வீரம்மாவின் பெயரைத் தட்டினால் மீனம்மாவின் பிறப்புச் சான்றிதழ் திறந்தது.

கிருஷாந்தி அதை மூடிவிட்டு மறுபடி தட்டினாள். மறுபடியும் மீனம்மாதான்.

றொசல்லப் பக்கத்துத் தோட்ட ஆபீஸில் அவள் சேர்ந்தது அண்மையில்தான். வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. கம்ப்யூட்டர் திரையில் தொழிலாளர் பட்டியல் இருக்கும். ஒரு பெயரைத் தட்டினால் அவருடைய சான்றிதழ் திறக்க வேண்டும். இன்று நுவரெலியாவிலிருந்து வீடமைப்பு அதிகாரியம்மா வந்து ஒவ்வொரு பெயராகத் தட்டப்போகிறார். சான்றிதழில் எந்தப் பெயரோ அந்தப் பெயருக்குக் காணி உறுதிப் பத்திரம். பரம்பரை பரம்பரையாக லயத்து ஒற்றை அறைக் காம்பராவில் நசுங்கிக் கிடந்த சனத்துக்கு, சொந்தமென்று சொல்ல முதல் துண்டு மண்.

தோட்டத்தை நடத்தும் துரை காலையிலேயே எச்சரித்திருந்தார்.

"ஒரு பேரு மாறினாலும் நாளைக்கு நீ கொழுந்து மலையிலதான். டிகிரிய கூடைக்குள்ள போட்டுக்க."

வலப்பனைப் பக்கத்து லயமொன்றிலிருந்து கேம்பஸ் போன முதல் ஆள் அவள். அந்த நாற்காலியில் இதுவரை உட்கார்ந்ததெல்லாம் கிளாக்கர் வீட்டுப் பிள்ளைகள். அவர்கள் பிழை விட்டால் கம்ப்யூட்டர் பிழை. இவள் விட்டால், 'லயத்துப் புள்ள, வேற எப்பிடி இருக்கும்?'

சிவசாமியைத் தட்டினாள். செல்லசாமி வந்தான். அழகம்மாவைத் தட்டினாள். ரஜிதா வந்தாள். தனலெட்சுமியைத் தட்டினாள். தனலெட்சுமியே வந்தாள். முன்பின் பார்த்திராத அந்த மனுஷியைக் கட்டிப்பிடித்து அழ வேண்டும்போல் இருந்தது.

பெயரையும் சான்றிதழையும் இப்படிக் கோர்த்து வைத்தவன் அவளுக்கு முன் இந்த வேலையில் இருந்த சதீஸ்குமார். கோர்த்துவிட்டு கட்டாருக்குப் போய்விட்டான். அவனைப் போனில் பிடித்தாள்.

"அண்ணே, பேரு ஒன்னு, சேட்டிபிகட் ஒன்னு வருது!"

"ஐயையோ, ஒன்னுலயும் கை வச்சிராதீங்க தங்கச்சி! அந்தத் தோட்டத்துல யாருமே..."

மலையில் பனிமூட்டம் இறங்கினால் சிக்னல் செத்துவிடும். செத்தது.

"யாருமே பாக்க மாட்டாங்கன்னு சொல்ல வர்றான். சோம்பேறிப் பய!" கிருஷாந்தி போனை மேசையில் அறைந்தாள்.

"என்னா புள்ள, மொகம் வெளிறிப்போச்சு?" என்று பிளேன்டீயை வைத்தாள் வீரம்மா. ஆபீஸைக் கூட்டி, தேத்தண்ணி ஊற்றுகிறவள் அவள்தான்.

"ஒங்க பேருலயே பிழை, அக்கா. வேற யாரோட சேட்டிபிகட்டோ வருது."

வீரம்மாவின் கண் அகன்றது. "எனக்கு உறுதி கெடைக்காதா புள்ள?"

"கெடைக்கும், நான் சரியாக்குறேன். பேரு வீரம்மாதானே?"

"வேலைக்குப் பேரு பதியுற செக்ரோல்ல அப்பிடித்தான் இருக்கு..." என்று வீரம்மா இழுத்தாள். அந்த நேரம் பார்த்துப் பெரிய கிளாக்கர் வைரவன் பக்கத்து மேசையில் இருமினார். வீரம்மா தட்டை எடுத்துக்கொண்டு மறைந்தாள். தோட்டத்து ஆபீஸில் எவன் இருமினாலும் சனம் வாயை மூடிக்கொள்ளும்.

குடும்பத்துக்கொரு பையாகக் கொடுத்த காகிதம், பழசு புதுசு எல்லாவற்றையும் சதீஸ்குமார் ஸ்கேன் பண்ணிப் போட்டிருந்தான். தேடியதில் வீரம்மா பெயரிலேயே ஒரு சான்றிதழ் அகப்பட்டது. கோர்த்தாள். தட்டினாள். வீரம்மாவே வந்தாள்! பிறந்த வருடத்தைப் பார்க்க யாருக்கு நேரம்?

அந்தத் தைரியத்தில், எல்லாவற்றையும் ஒரேயடியாகத் திருத்தக் கோப்புகளை வேறோர் இடத்துக்கு மாற்றினாள். சிவசாமியைத் தட்டினாள். 'கோப்பு கிடைக்கவில்லை.' அழகம்மா கிடைக்கவில்லை. இவ்வளவு நேரம் ஒழுங்காக இருந்த தனலெட்சுமியும் கிடைக்கவில்லை.

கிருஷாந்திக்கு வேர்த்தது. அந்த மலைக் குளிரில், முதுகோடு வழிந்தது. தேயிலைக்கு நடுவே கூடையோடு நிற்கும் தன்னை அவள் கண்ணாலேயே பார்த்தாள். தலையில் பட்டமளிப்புத் தொப்பி வேறு.

கீழே வளைவில் ஜீப் ஹார்ன் அடித்தது.

"தொரை அதிகாரியம்மாவோட வந்துட்டாரு!" என்று வைரவன் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு எழுந்தார்.

ஒரே வழிதான் இருந்தது. எந்தப் பெயரோ அதே பெயருள்ள சான்றிதழை நீயே தேடிக் கோர்த்துக்கொள் என்று கம்ப்யூட்டருக்கு உத்தரவிட்டாள். அது சுற்றியது. லைட் ஒருமுறை மங்கி எரிந்தது. வாசலில் சப்பாத்துச் சத்தம். அது இன்னும் சுற்றியது. "கடவுளே, இத நிப்பாட்ட ஒங்களுக்கும் டிகிரி வேணுமா?" என்று பல்லைக் கடித்தாள். கதவு திறந்த அதே நொடியில் சுற்றல் நின்றது.

அதிகாரியம்மா உட்கார்ந்தார். வீரம்மாவைத் தட்டினார்.

கிருஷாந்தி கண்ணை மூடிக்கொண்டாள்.

உறுதிப் பத்திரத்தில் சீல் விழும் சத்தம் கேட்டது. கண்ணைத் திறந்தாள். வீரம்மாவுக்கு வீரம்மா. சிவசாமிக்குச் சிவசாமி. அழகம்மாவுக்கு அழகம்மா. டொக், டொக் என்று சீல் விழுந்துகொண்டே இருந்தது.

"ஹரிம ஹொந்தாய்!" என்று அதிகாரியம்மா சிங்களத்தில் மெச்சிச் சிரித்தார். மற்றத் தோட்டங்களில் பெயர் மாறாட்டத்தோடு மாரடித்துக் களைத்தவராம்.

துரை கிருஷாந்தியை முதல்முறையாக நிமிர்ந்து பார்த்தார். "அடுத்த மாசத்துல இருந்து நீ பெர்மனன்ட்."

சீல் குத்திய கட்டோடு ஜீப் வளைவில் இறங்கி, பனிமூட்டத்துக்குள் மறைந்தது. கிருஷாந்தி நாற்காலியில் சாய்ந்து, ஆறிப்போன பிளேன்டீயை ஒரே மூச்சில் குடித்தாள். அவள் கையால் ஒரு தோட்டத்துக்கே காணி வந்திருக்கிறது. கட்டாரில் இருக்கிற அந்தச் சோம்பேறி வந்து பார்க்கட்டும்.

வீரம்மா டம்ளர் எடுக்க வந்தாள். "உறுதி யாரு பேருல புள்ள வந்துச்சு?"

"ஒங்க பேருலதான் அக்கா! வீரம்மான்னு சீல் குத்தியாச்சு. இனி தொரை நெனைச்சாலும் மாத்த ஏலாது."

வீரம்மா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"வீரம்மா செத்துப்போன எங்க மாமியா, புள்ள. வேலைக்கு ஆள் இல்லாட்டிக் காம்பரா போயிருமேன்னு அவுக பேருலயே வேலைக்கு எறங்குன மீனம்மா நானு... இந்தத் தோட்டத்துல தனலெட்சுமியத் தவுர யாருமே சொந்தப் பேருல வேலை செய்யலயே!"