சம்பந்தி அனுப்பிவைத்த குருவி ஜோடி

மதிப்பும் மரியாதையும், எல்லாவற்றுக்கும் மேலாகப் பொறுமையும் நிறைந்த சம்பந்தி அவர்களுக்கு,

வணக்கம். இங்கே நானும் என் மனைவியும் நலம். என் இடது கணுக்கால் மட்டும் அவ்வளவாக நலமில்லை. அந்தக் கதை கடிதத்தின் நடுவில் வரும். அங்கே தாங்களும், சம்பந்தி அம்மாளும், மாப்பிள்ளையும், என் மகளும், பேத்தியும் நலமாகவே இருப்பீர்கள். உங்கள் வீட்டில் யாரும் எதற்கும் பதறுவதில்லை. ஜலதோஷம்கூட உங்களிடம் முன்கூட்டியே நேரம் கேட்டுவிட்டுத்தான் வரும் என்று நினைக்கிறேன்.

முதலில் அந்தக் கேக் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். நான்கு மாதமாக இரண்டு வீட்டிலும் எல்லோரும் அதைச் சொல்லாமலே அதைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறோம். பேத்தியின் ஐந்தாவது பிறந்தநாளுக்கு நீங்கள் அனுப்பிய அழைப்பிதழில் மாலை ஆறு மணி என்று அச்சடித்திருந்தது. நான் ஐந்து ஐம்பத்தைந்துக்கு வந்து நின்றேன். பிஸ்கட் கம்பெனியில் முப்பத்துநான்கு வருடம் ஷிப்ட் சூப்பர்வைசராக இருந்தவன் நான். பேக்கிங் லைன் நான்கு நிமிடம் நின்றால் மேலிடத்துக்கு எழுத்து மூலம் விளக்கம் கொடுத்துப் பழகியவன். அப்படிப்பட்டவனை ஒரு கேக்கின் முன்னால் ஏழேகால் வரை நிற்க வைத்தீர்கள். போட்டோகிராபர் வரவில்லை என்றார்கள். அவர் வந்தார், கேமராவில் சார்ஜ் இல்லை என்றார்கள். சார்ஜ் ஏறியது, மாப்பிள்ளையின் மேலதிகாரி வந்துகொண்டே இருக்கிறார் என்றார்கள். ஒவ்வொரு தடவையும் நீங்கள் என் தோளில் கை வைத்து, "பொறுமையா இருங்க சம்பந்தி, கேக் எங்க ஓடிடப்போகுது" என்றீர்கள். ஓடவில்லைதான். ஆனால் அதன் மேல் இருந்த கிரீம் முயலுக்கு ஒரு காது உருகிக் கீழே விழுந்தது. அதைப் பார்த்ததும் எனக்குள் முப்பத்துநான்கு வருடமும் ஒரேயடியாக எழுந்து நின்றுவிட்டது. கத்தியை எடுத்து நானே வெட்டிவிட்டேன். ஒரு துண்டு வெட்டி நிறுத்தியிருந்தாலாவது பரவாயில்லை. பழக்கதோஷம், ஒரே அளவில் இருபத்துநான்கு துண்டு போட்டுவிட்டேன். பேத்தி என்னை அண்ணாந்து பார்த்து, "தாத்தா, அது என் கேக்" என்றாள். அதற்கப்புறம்தான் அழுதாள்.

மறுநாள் மகள் போன் செய்தாள். சத்தம் போட்டிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். என் வீட்டில் இருந்தவரை அவள் போனை வைக்கிற வேகத்தில் மேஜை ஆடும். இப்போது உங்கள் வீட்டுப் பயிற்சி. "அப்பா, கொஞ்ச நாள் நாங்க அங்க வரல. நீங்களும் வர வேணாம்" என்று வானிலை அறிக்கை வாசிப்பதுபோல் சொல்லிவிட்டு வைத்துவிட்டாள். அடுத்த வாரம் நீங்கள் ஒரு கூண்டும், அதற்குள் இரண்டு ஃபிஞ்ச் குருவிகளும், ஒரு சீட்டும் கொடுத்தனுப்பினீர்கள். "இவை முட்டையிட்டு, அடைகாத்து, குஞ்சு பொரிக்கும். நீங்கள் செய்ய வேண்டியது ஒன்றுமில்லை. காத்திருங்கள்." அன்று மகளும் போனில், "குஞ்சு பொரிச்சதும் பாப்பாவைக் கூட்டிட்டு வர்றேன்ப்பா" என்றாள். ஆக, என் பேத்தியை நான் பார்க்கலாமா கூடாதா என்பதைக் கட்டைவிரல் பருமன்கூட இல்லாத இரண்டு ஜீவன்கள் தீர்மானிக்க வேண்டும் என்று ஆகிவிட்டது. இந்த யோசனை உங்களுடையதா மாப்பிள்ளையுடையதா என்று நான் கேட்கவில்லை. இதையும் ஒரு முன்னேற்றமாகக் குறித்துக்கொள்ளுங்கள்.

குருவிகள் பழுப்பும் வெள்ளையும் கலந்து, பார்க்க லட்சணமாகவே இருந்தன. ஒன்று மார்பைப் புடைத்துக்கொண்டு, கம்பியில் இப்படியும் அப்படியும் குதித்து, எண்ணெய் போடாத கதவுக் கீல் மாதிரி ஒரு பாட்டுப் பாடும். மற்றது கேட்கும். பிறகு மற்றது பாடும், இது கேட்கும். சாயங்காலமானால் இரண்டும் கூட்டுப் பெட்டிக்குள் போய் ஒட்டி உட்கார்ந்துகொள்ளும். "நமக்கு இந்த வயசுல இல்லாத ஒத்துமை" என்று என் மனைவி சொன்னாள். நான் சுவரில் ஒரு அட்டை மாட்டி, முட்டை என்று ஒரு கட்டமும் தேதி என்று ஒரு கட்டமும் போட்டேன். முதல் வாரம், இல்லை. இரண்டாம் வாரம், இல்லை. ஆறாவது வாரமும் இல்லை என்று எழுதியபோது, என் வாழ்க்கையிலேயே இவ்வளவு பொறுமையாக நான் இருந்ததில்லை என்று எனக்கே பெருமையாக இருந்தது. ஏழாவது வாரம் பறவைக் கடைக்குப் போனேன்.

கடைக்காரர் தினையை அளந்துகொண்டே, "எது பாடுது சார்?" என்றார்.

"ரெண்டும்."

அளப்பதை நிறுத்தினார். "ரெண்டுமா?"

"மாத்தி மாத்தி. நல்லாவே பாடுது."

"சார், இந்த ஜாதியில பொட்டை பாடாது."

பிறகு அவரே மெதுவாக, "யார் குடுத்தாங்க?" என்றார். "என் சம்பந்தி. இருபது வருஷமா குருவி வளர்க்கிறார்" என்றேன். நல்ல மனிதர், முகத்தைத் திருப்பிக்கொண்டு வேறெதையோ தேடுவதுபோல் சிரித்தார். சம்பந்தி, நான் தங்களைக் குறை சொல்வதாக நினைக்க வேண்டாம். தாங்கள் பெருந்தன்மையோடு அனுப்பினீர்கள். ஆனால் இருபது வருடம் பொறுமையாகக் குருவி வளர்த்த தாங்கள், அதில் ஒரு அரை மணி நேரம் அவசரப்பட்டு அது ஆணா பெண்ணா என்று பார்த்திருக்கலாம். இரண்டு ஆண்பிள்ளைகளை ஒரு கூண்டில் போட்டு, மூன்றாவது ஆண்பிள்ளை ஒருவன் வெளியே உட்கார்ந்து ஆறு வாரம் முட்டைக்குக் காத்திருந்தான். பொறுமை என்றால் இதுதான் என்று நீங்கள் சொல்லக்கூடும். எங்கள் கம்பெனியில் இதற்கு வேறு பெயர்.

ஒரு பாடகரைக் கடையில் விட்டுவிட்டு, பாடாத ஒன்றைக் கூட்டிவந்தேன். வந்த அம்மாள் சாதாரண ஆளில்லை. நேராகக் கூட்டுப் பெட்டிக்குள் போய், ஆண்கள் இருவரும் ஆறு வாரமாகச் சேர்த்துவைத்திருந்த புல்லையெல்லாம் வெளியே தள்ளிவிட்டுப் புதிதாக அடுக்க ஆரம்பித்தாள். என் மனைவி வேலையை விட்டுவிட்டு வந்து நின்று பார்த்தாள். பதினோராம் நாள் முதல் முட்டை. சுண்டுவிரல் நகத்தளவு, வெள்ளை வெளேரென்று. தினம் ஒன்றாக ஐந்து. கடைக்காரர் எனக்குச் சொல்லியிருந்தது ஒன்றே ஒன்று: "எட்டிப் பார்க்காதீங்க சார்." நான் எட்டிப் பார்க்கவில்லை, மேற்பார்வை செய்தேன். காலை ஆறு மணிக்கு ஒரு தடவை, ஆறே முக்காலுக்கு ஒரு தடவை, பல் தேய்த்ததும் ஒரு தடவை. ஒரு நாளைக்குப் பதினைந்துக்கு மேல் போகாமல் பார்த்துக்கொண்டேன். இதற்கிடையில் மேல்வீட்டில் இருக்கும் ஜிம் மாஸ்டர் தம் வீட்டிலேயே எடை தூக்கிப் பழகுவார். தூக்குவதில் எனக்கு ஆட்சேபணை இல்லை; இறக்கும்போது போட்டுவிடுவார். அடைகாக்க ஆரம்பித்த ஒன்பதாம் நாள் காலை என் தலைக்கு மேல் இடி விழுந்த மாதிரி ஒரு சத்தம். நான் கத்திக்கொண்டே படியேறிப் போய், கதவைத் தட்டு தட்டென்று தட்டி, "கீழ ஒரு ஜீவன் ஒன்பது நாளா பொறுமையா உக்காந்திருக்கு, உங்களுக்குக் கொஞ்சமாவது இது இருக்கா?" என்று கேட்டேன்.

அவர் வியர்வையைத் துடைத்துக்கொண்டு உண்மையான அக்கறையோடு, "நீங்களா சார்?" என்றார்.

கீழே வந்து பார்த்தால் முட்டைகள் கூண்டின் தரையில் கிடந்தன. இரண்டு உடைந்திருந்தன. குருவிகள் இரண்டும் மேல் கம்பியில் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தன. "பாத்தியா, அவன் போட்ட போடுல..." என்று ஆரம்பித்தேன். என் மனைவி உடைந்த ஓட்டைக் காகிதத்தில் எடுத்துக்கொண்டே, "அந்தச் சத்தத்துக்கு அது அசையலைங்க. நீங்க கத்திக்கிட்டே படியேறினீங்க பாருங்க, அப்பத்தான் வெளிய வந்துச்சு" என்றாள். சம்பந்தி, அன்று முழுக்க நான் அந்த அட்டைப் பக்கம் போகவில்லை. முட்டை போனதைவிட, மகளுக்கு என்ன சொல்வது என்பதுதான் பெரிய கவலையாக இருந்தது. நீயே சொல்லிவிடு என்று மனைவியிடம் போனைக் கொடுத்தேன். அவள் என்ன சொன்னாள் என்று தெரியாது. "இன்னும் கொஞ்ச நாள் ஆகும்மா, அப்பா கத்துக்கிட்டிருக்காரு" என்று மட்டும் காதில் விழுந்தது.

இரண்டாவது தடவை முட்டை வைக்க ஆரம்பித்ததும் என் மனைவி கூண்டைத் தூக்கி பீரோ மேல் வைத்துவிட்டாள். எனக்கு எட்டாத உயரம். நான் என்ன செய்திருப்பேன் என்று ஊகித்திருப்பீர்கள். ஒரு ஸ்டூல், கையில் சவரம் செய்யும் கண்ணாடி. கண்ணாடியைச் சாய்த்துப் பிடித்தால் உள்ளே தெரியும் என்பது திட்டம். தெரிந்தது. நான்கு முட்டை என்று எண்ணி முடிப்பதற்குள் ஸ்டூலும் நானும் கண்ணாடியும் தனித்தனியாகத் தரைக்கு வந்து சேர்ந்தோம். கணுக்கால் வீங்கிவிட்டது. டாக்டர் கட்டுப் போட்டு, மூன்று வாரம் காலை ஊன்றக் கூடாது என்றார். இரண்டு வாரம் போதாதா என்று கேட்டேன். அவர் மனைவியைப் பார்த்தார், மனைவி அவரைப் பார்த்தாள், நாலு வாரம் என்று மாற்றிவிடுவார்களோ என்று பயந்து நான் அத்தோடு விட்டுவிட்டேன். ஒரு விஷயம் சொல்ல வேண்டும். அவ்வளவு சத்தத்திலும் அந்தத் தாய்க்குருவி இந்தத் தடவை எழுந்திருக்கவில்லை. என் சத்தம் அதற்குப் பழகிவிட்டது போலிருக்கிறது.

அதே அறையில் ஒரு நாற்காலி, தலையணை மேல் கால், எதிரே பீரோ, பீரோ மேல் கூண்டு. கூட்டுக்குள் என்ன நடக்கிறது என்று தெரியாது. வாசல் மட்டும் தெரியும். முதல் மூன்று நாள் எல்லோரையும் திட்டினேன். நாலாம் நாள் திட்ட ஆள் கிடைக்காமல் பார்க்க ஆரம்பித்தேன். ஒன்று வெளியே வந்து இறக்கையை உதறும். உடனே மற்றது உள்ளே போகும். ஷிப்ட் மாறுகிறது, சம்பந்தி! மணி அடிக்கவில்லை, ஆஜர் புத்தகம் இல்லை, தாமதத்துக்கு விளக்கம் கேட்பார் இல்லை, சூப்பர்வைசர் ஒருவன் கால் ஒடிந்து மூலையில் கிடக்கிறான், அப்படியிருந்தும் மாறுகிறது. முப்பத்துநான்கு வருடம் நான் அங்கே எதற்கு நின்றேன் என்று ஒரு கணம் யோசித்தேன். அந்த யோசனை உடம்புக்கு நல்லதில்லை என்று விட்டுவிட்டேன்.

நான் எழுந்து போக முடியாது என்று தெரிந்ததும் என் மனைவி காய் நறுக்குவதை அந்த அறைக்கு மாற்றிக்கொண்டாள். ஒருநாள் குருவியைப் பார்த்துக்கொண்டே, "நம்ம பொண்ணு பிறந்த அன்னைக்கு, இன்னும் எவ்வளவு நேரம் ஆகும்னு நர்ஸை நாலு தடவை கேட்டீங்க. ஞாபகம் இருக்கா? அஞ்சாவது தடவை நீங்க கேட்கிறதுக்கு முன்னாடி நான்தான் ஷிப்டுக்குப் போங்கன்னு அனுப்பிவெச்சேன். நீங்க பஸ் ஏறியிருக்கக்கூட மாட்டீங்க, பொறந்துட்டா" என்றாள். கம்பெனி கூப்பிட்டது, கடமை, அதனால் போனேன் என்றுதான் இத்தனை காலமும் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். உங்களிடமும் பெண் பார்க்க வந்த அன்று சொல்லியிருக்கிறேன். மறுத்துப் பேச வாயைத் திறந்தேன். இந்தத் தடவை குறுக்கிடாமல் மூடிக்கொண்டேன். அவள் மிச்சத்தையும் சொன்னாள். முதலில் அழுதது குழந்தையா தானா என்று தெரியவில்லை என்றாள். நர்ஸ் வாசலில் போய் என்னைத் தேடினாள் என்றாள். எல்லாம் சொல்லிவிட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தவள், "கல்யாணமானதுலேருந்து நான் ஒரு விஷயத்தை ஆரம்பிச்சு முடிச்சது இன்னைக்குத்தான்" என்று சொல்லிவிட்டுச் சமையலறைக்குப் போனாள். கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது.

காலில் கட்டுப் போட்ட பதினாறாம் நாள் காலை பத்து மணி இருக்கும். நகத்தால் காகிதத்தைக் கீறுவதுபோல ஒரு சத்தம். கொஞ்ச நேரத்தில் அப்பன் குருவி அரை ஓடு ஒன்றைக் கவ்விவந்து வெளியே போட்டது. என் மனைவி ஓடிவந்து என்னைப் பார்த்தாள். "எழுந்திருக்கலையா?" என்றாள். "வேணாம், அது வேலையை அது பார்க்கட்டும்" என்றேன். கால் காரணமில்லை, சம்பந்தி. எழுந்திருக்க முடிந்திருக்கும். அவள் என் நாற்காலியின் கைப்பிடியில் உட்கார்ந்துகொண்டாள். இரண்டு பேருமாக அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தோம்.

இன்றைக்குப் பன்னிரண்டு நாள் ஆகிறது. எத்தனை குஞ்சு என்று நான் எட்டிப் பார்க்கவில்லை. குரலை வைத்து மூன்று என்று ஊகிக்கிறேன். சுவரில் இருந்த அட்டையைக் கழற்றிவிட்டேன். ஜிம் மாஸ்டரிடம் மன்னிப்புக் கேட்டேன், அவர் இப்போது எடையை இறக்கும்போது கீழே மெத்தை போடுகிறார். ஞாயிற்றுக்கிழமை பேத்தியை அழைத்து வருவதாக மகள் சொல்லியிருக்கிறாள். எத்தனை மணிக்கு என்று நான் கேட்கவில்லை. தாங்களும் சம்பந்தி அம்மாளும் அவசியம் உடன் வர வேண்டும். ஆறு மணி என்று சொல்லி ஒன்பதுக்கு வந்தாலும் சிரித்த முகமாகவே கதவைத் திறப்பேன். குஞ்சுகளுக்கு இன்னும் பெயர் வைக்கவில்லை, அது பேத்தியின் வேலை. அவளிடம், தாத்தா செய்தது தப்பு என்று தாத்தாவே சொன்னார் என்று சொல்லுங்கள். தாங்கள் எனக்குக் கற்றுக்கொடுக்க நினைத்ததை, இரண்டு ஆண் குருவிகளை அனுப்பியாவது கற்றுக்கொடுத்துவிட்டீர்கள். இனி இந்த மனிதனை அவசரக்காரன் என்று யாரும் சொல்ல முடியாது.

சம்பந்தி அம்மாளுக்கு எங்கள் இருவரின் வணக்கமும், மாப்பிள்ளைக்கு ஆசியும், மகளுக்கு அன்பும், பேத்திக்கு அவள் தரச் சொல்லும்வரை நான் பத்திரமாக வைத்திருக்கும் முத்தங்களும்.

இப்படிக்கு,
நிதானம் கைவரப்பெற்ற தங்கள் சம்பந்தி.

பின்குறிப்பு: கடிதத்தை எடுத்துக்கொண்டு தபால் நிலையம் போனேன். போய்ச் சேர மூன்று நாள் ஆகும் என்றார்கள். அதற்கப்புறம் ஞாயிற்றுக்கிழமை வேறு வர வேண்டும். ஆகவே இதை உங்கள் வீட்டு வாசல்படியில் உட்கார்ந்து முடிக்கிறேன். குஞ்சுகளைத் தாயிடமிருந்து இப்போது பிரிக்கக் கூடாது என்று கடைக்காரர் சொன்னதால் தாய், தகப்பன், குஞ்சுகள், கூண்டு எல்லாவற்றையும் கொண்டுவந்திருக்கிறேன். ஜிம் மாஸ்டர்தான் ஆடாமல் அசையாமல் மூன்று மாடி தூக்கிவந்தார். என் மனைவி கீழே காரில் இருக்கிறாள், மேலே வர வெட்கமாக இருக்கிறதாம். அழைப்பு மணியை ஏழு தடவை அடித்தாகிவிட்டது. இந்தக் கடிதத்தைக் கதவுக்கு அடியில் தள்ளுகிறேன். உள்ளே பேத்தியின் குரல் கேட்கிறது: "தாத்தா, தாழ்ப்பாள் எட்டல, நாற்காலி எடுத்துட்டு வர்றேன், இருங்க!" குழந்தையை யாரும் அவசரப்படுத்த வேண்டாம், அவள் மெதுவாகவே வரட்டும். நீங்கள் சீக்கிரம் எழுந்து வந்து கதவைத் திறங்கள்.