தடையற்ற திரவ வழங்கல்

ஒரு தெருவில் சாக்கடை பொங்குவது உலக அதிசயம் அல்ல. அது பொங்கும். நாலு பேர் மூக்கைப் பொத்திக்கொண்டு தாண்டிப் போவார்கள். யாராவது ஒரு புண்ணியவான் ஒரு செங்கல்லைக் கொண்டுவந்து நடுவில் போடுவார். அதையே பாலமாக ஏற்றுக்கொண்டு ஜனங்கள் வாழப் பழகிவிடுவார்கள். ஆனால் இந்தச் சாக்கடை போயும் போயும் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடை வாசலில் பொங்கியது. கண் சரியாகத் தெரியாதவர்கள்தான் அந்தக் கடைக்கு வரவேண்டும். கண் சரியாகத் தெரியாதவர்களுக்குச் செங்கல் தெரியாது.

கடைக்குச் சொந்தக்காரியைத் தெருவில் எல்லோரும் கண்ணாடியக்கா என்று கூப்பிடுவார்கள். வந்த வாடிக்கையாளர்களில் பாதிப் பேர் வழுக்கி விழுந்து திரும்பிப் போனார்கள். மீதிப் பேர் உள்ளே வந்து, புதுக் கண்ணாடி போட்டுப் பார்த்து, வாசலில் என்ன கிடக்கிறது என்பது முதல்முறையாகத் தெளிவாகத் தெரிந்ததும் அப்புறம் வரவே இல்லை.

நகராட்சி அலுவலகத்துக்கு அவள் எழுதாத புகார் இல்லை. கெஞ்சி எழுதினாள், கோபமாக எழுதினாள், படம் எடுத்து அனுப்பினாள். ஒவ்வொரு தடவையும் கண் மூடித் திறப்பதற்குள் பதில் வந்துவிடும். “தங்கள் மேலான புகார் பெறப்பட்டது. தெரிவித்தமைக்கு நன்றி. இதுவே எமது பதில் எனக் கொள்க.”

அதற்காக அவளுக்கு வேறு மெயிலே வரவில்லை என்று நினைத்துவிடக் கூடாது. காலையில் இன்பாக்ஸைத் திறந்தால் முன்பின் பார்த்திராத மனிதர்கள் வரிசைகட்டி நிற்பார்கள். ஒருவர் அவள் கடையை இணையத்தில் முதல் இடத்துக்குக் கொண்டுபோகத் துடித்தார். ஒருவர் அவளுடைய ஊழியர்களுக்குத் தலைமைப் பண்பு கற்றுத்தர ஆசைப்பட்டார். (அவளிடம் ஊழியர்களே இல்லை.) இன்னொருவர் பாரம் தூக்கும் கிரேனை மாத வாடகைக்கு எடுத்துக்கொள்ளச் சொன்னார். எல்லோரும் முதல் வரியில் அவள் நலமாக இருக்கிறாளா என்று கேட்டார்கள். கட்டின புருஷன் கேட்காத கேள்வி அது.

“யாருடா இந்தக் கிரேன்காரன்?” என்று ஒரு நாள் தம்பியிடம் பொரிந்து தள்ளினாள். “கண்ணாடிக்கடைக்குக் கிரேன் எதுக்கு? ஃப்ரேமைத் தூக்கி மாட்டவா? வேண்டாம்னு எழுதினாலும் விடமாட்டேங்கறான்!”

தம்பி மெதுவாகச் செருமினான். “அந்த லிஸ்ட்ல நீயும் இருக்கியாக்கா?”

அவனுக்கு அதுதான் உத்தியோகம். முன்பின் தெரியாதவர்களுக்கு முன்பின் யோசிக்காமல் மெயில் அனுப்புவது. பதில் வராவிட்டால் மறுபடி அனுப்புவான். அதற்கும் வராவிட்டால் வருத்தப்பட்டு அனுப்புவான். வீட்டில் அவன் பெயரே ஃபாலோ-அப் என்று ஆகிவிட்டது.

அக்கா அவனைத் திட்டி ஓய்ந்த பிறகு, அவள் எழுதிய புகார்களை அவன் வாங்கிப் படித்தான். படிக்கப் படிக்க உதட்டைப் பிதுக்கினான்.

“எல்லாத்துலயும் உன் கஷ்டத்தையே எழுதியிருக்கே. உன் கஷ்டம் யாருக்குக்கா வேணும்? படிக்கறவனுக்கு இதுல என்ன லாபம்?”

“சாக்கடையில என்னடா லாபம்?”

“அதான் உனக்கு எழுத வரலைங்கறேன். புகார்னு எழுதினா புகார்ப் பிரிவுக்குப் போகும், அங்கேயே அடங்கிடும். ஒரு சரக்கு விக்கறோம்னு எழுதினா கொள்முதல் பிரிவுக்குப் போகும். அந்த அதிகாரி மெயில்ல வர்றது எதையும் விடமாட்டாராம். போன வருஷம் ஊழியர்கள் சிரிக்கறதை அளக்கற மெஷினே வாங்கியிருக்கார். எப்படியாவது அவரை இங்கே வர வெச்சுட்டாப் போதும். கால் நனைஞ்சா கண் தன்னால திறக்கும்.”

அக்காவுக்கு அது நியாயமாகப் பட்டது. தம்பி உட்கார்ந்து எழுதினான்.

“பெருமதிப்பிற்குரிய ஐயா, தாங்கள் நலம் என நம்புகிறோம். இரவு பகல் பாராது, கோடை மாரி பாராது, தடையற்ற திரவ வழங்கலில் நீண்ட அனுபவம் வாய்ந்த எமது நிறுவனம், தங்கள் அலுவலகத்தின் தொலைநோக்குடன் கைகோத்துப் பாய விழைகிறது.”

பதில் இல்லை. சில நாள் கழித்து, “எமது முந்தைய மடல் தங்கள் பார்வைக்குத் தப்பியிருக்குமோ என அஞ்சுகிறோம்” என்று போனது. அதற்கும் பதில் இல்லை. கடைசியாக ஃபாலோ-அப் தன் தொழிலின் பிரம்மாஸ்திரத்தை எடுத்தான். “தங்களுக்கு ஆர்வமில்லை எனக் கொண்டு, தங்கள் கோப்பை நாங்கள் மூடிவிடலாமா?”

கொள்முதல் அதிகாரி ஆடிப்போய்விட்டார். அவர் பணிக்காலத்தில் ஒரு கோப்பை அவரே மூடியதில்லை. யாரோ ஒரு வெளியாள் மூடுவதாவது! மறுநாளே உதவியாளரைக் கூட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

ஆனால் அவர் கால் நனையவில்லை. முழங்கால்வரை ரப்பர் பூட்ஸ் போட்டிருந்தார். அதுவும் ஒரு மெயிலைப் பார்த்து வாங்கியதுதான்.

“வழங்குநர் யாரு?”

“நான்தாங்க. ஆனா விஷயம் என்னன்னா...”

“சாம்பிள்?”

கண்ணாடியக்கா கீழே கையைக் காட்டினாள். அதிகாரி ஒரு குச்சியால் கிளறிப் பார்த்தார். “ஓட்டம் சீரா இருக்கு. கெட்டித்தன்மை பரவாயில்லை. ராத்திரியில நிக்குமா?”

“எங்கேங்க நிக்குது? வருஷக்கணக்கா இதே பாடுதான்.”

“அனுபவம், பல்லாண்டு. எழுதிக்கோங்க” என்றார் உதவியாளரிடம்.

அக்காவுக்குப் பொறுமை போய்விட்டது. “ஐயா, இது உங்க சாக்கடை. உங்க குழாய் உடைஞ்சுதான் வருது. இதை அடைச்சுக் கொடுங்கன்னு கேட்கத்தான் உங்களை வரவெச்சேன்.”

“அது புகாராச்சே. புகார்ப் பிரிவு தரைத்தளம். நான் மூணாவது மாடி. லிஃப்ட் ஓடறதில்லை, அதனால எங்களுக்குள்ள பழக்கமில்லை.”

“உங்க தண்ணியையே நீங்க விலைக்கு வாங்குவீங்களா?”

“குழாய்க்குள்ள இருக்கறவரைக்கும்தான் அது கழிவு. உங்க வாசலுக்கு வந்துட்டா சரக்கு.”

“சரி, வாங்கி என்னதான் பண்ணுவீங்க?”

அதிகாரி அவளைப் பரிதாபமாகப் பார்த்தார். “அம்மா, வாங்கறதுதான் எங்க வேலை. பயன்படுத்தறது வேற பிரிவு.”

விதிப்படி மூன்று பேரிடம் கொட்டேஷன் வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். வந்தவரைக்கும் லாபம், இப்படியே இழுத்துப் பிடித்தால் மேலதிகாரி யாராவது வந்து பார்ப்பார்கள் என்றான் தம்பி. அக்கா ஒரு கொட்டேஷன் எழுதினாள். எதிர்வரிசைச் சாவிக்காரர் ஒன்று எழுதிக் கொடுத்தார். பக்கத்துச் சலவைக்கடைக்காரர் தங்கமான மனுஷர். கண்ணாடியக்காவுக்குக் கூடப்பிறக்காத அண்ணன் மாதிரி. பேருக்குத்தானே என்று விலை எழுதவேண்டிய இடத்தில் “இனாம்” என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

இனாமை விடக் குறைந்த விலை உலகத்தில் இல்லை. ஒப்பந்தம் சலவைக்கடைக்குப் போனது. அதில்தான் ஒரு தொழில்நுட்பச் சிக்கல் முளைத்தது. ஒப்பந்தம் சலவைக்கடையில் இருக்கிறது, சரக்கு கண்ணாடிக்கடையில் இருக்கிறது. அடுத்தவர் சரக்கை இவர் வழங்குவது எப்படி? தணிக்கையில் கேட்டால் என்ன சொல்வது?

எத்தனையோ புகாருக்கு எட்டிப் பார்க்காத ஆட்கள் அந்த வாரமே வண்டி கட்டிக்கொண்டு வந்து இறங்கினார்கள். தோண்டினார்கள், குழாய் பதித்தார்கள். கண்ணாடியக்கா வாசலில் இருந்த சாக்கடை மூடிக்குச் சிமெண்ட் பூசி வழவழவென்று ஆக்கினார்கள். சரக்கு இனாம் என்பதால், ஆண்டு முடிவதற்குள் செலவழித்தாக வேண்டிய நிதி முழுவதும் போக்குவரத்துச் செலவுக்கே சரியாகப் போயிற்று. சாக்கடை முறைப்படி சலவைக்கடை வாசலில் பொங்கத் தொடங்கியது.

கண்ணாடியக்கா கடைக்குள் காலடி எடுத்து வைப்பவர்கள் கூடினார்கள். விழுந்தவர்கள்கூட மன்னித்துத் திரும்பி வந்தார்கள். அவளுக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனால் பக்கத்துக் கடையைப் பார்க்க நேரும்போதெல்லாம் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டாள். அங்கே அழுக்குத் துணியோடு வந்தவர்கள், வெளுத்த துணியை வாங்கி மோந்து பார்த்துவிட்டு, அழுக்காகவே இருந்திருக்கலாம் என்று சொல்லிப் போனார்கள். சலவைக்கடைக்காரர் கொஞ்ச நாள் ஊதுபத்தி கொளுத்திப் பார்த்தார். அப்புறம் ஒரு மத்தியானம் பேண்ட்டை முழங்கால்வரை சுருட்டிக்கொண்டு வந்து நின்றார்.

“தங்கச்சி, உனக்காகத்தான் இனாம்னு எழுதினேன்.”

“தெரியும்ணா. அந்த நன்றியை நான் மறப்பேனா?”

“இப்ப புது வருஷ ஒப்பந்தத்துக்குத் தெருவுல எல்லார்கிட்டயும் டெண்டர் கேட்டிருக்காங்க. நீ கொஞ்சம் குறைச்சுப் போடு. கொஞ்ச மாசம் உன் வாசல்ல இருக்கட்டும், அப்புறம் நான் வாங்கிக்கறேன். மாத்தி மாத்திச் சமாளிச்சுக்கலாம்.”

“இதெல்லாம் ஒரு விஷயமாண்ணா? கண்டிப்பாப் போடறேன்.”

சொல்லும்போது மனசாரத்தான் சொன்னாள். அவர் போன பிறகு வாசலைப் பார்த்தாள். காய்ந்து, சுத்தமாக, வெயில் பட்டுப் பளிச்சென்று இருந்தது. ஒரு வயதானவர் தடுமாறாமல் ஏறி வந்துகொண்டிருந்தார். கண்ணாடியக்கா பேனாவை எடுத்தாள். ஒரு நிமிடம் யோசித்தாள். எந்த அலுவலகமும் சத்தியமாக வாங்கமுடியாத ஒரு விலையை எழுதி, உறையை நன்றாக ஒட்டினாள்.

டெண்டர் பிரிக்கும் அன்று தெருவே மூன்றாவது மாடியில் மூச்சிரைக்க நின்றது. அதிகாரி முதல் உறையைப் பிரித்தார். சாவிக்காரருடையது. ஒரு மாடி வீடு வாங்கும் விலை. அடுத்தது தையல்காரர், அவர் அதற்கு மேல் இன்னொரு மாடி கட்டியிருந்தார். கண்ணாடியக்காவின் விலையைப் படித்ததும் அதிகாரிக்குக் குரல் கம்மியது. அவள் தலை நிமிராமல் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசி உறை சலவைக்கடைக்காரருடையது. இருப்பதிலேயே பெரிய தொகை. சட்டென்று நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். அவரும் அவளைப் பார்த்தார். பிறகு இருவரும் ஏககாலத்தில் மின்விசிறியைப் பார்த்தார்கள்.

“ஒருத்தரும் எடுக்கலேன்னா அடைச்சுத்தானே ஆகணும்?” என்று ஃபாலோ-அப் அக்காவின் காதில் கிசுகிசுத்தான். தெரு முழுக்க அதே நம்பிக்கையில்தான் நின்றது.

அதிகாரி எழுந்து நின்றார். கண் கலங்கியிருந்தது.

“சந்தையில இதுக்கு இவ்வளவு மதிப்பா! இத்தனை காலம் தரையில ஓடவிட்டு மிதிச்சிருக்கோமே. இனிமே இதைத் தனியார் கையில விடமுடியாது.”

மறுவாரம் ஆணை வந்தது. “விலை மதிப்பற்றதென வணிகப் பெருமக்களாலேயே சான்றளிக்கப்பட்ட இத்திரவமானது, சாமானியருக்கு எட்டாக்கனியாகிவிடக் கூடாது என்ற உயரிய நோக்கில், இத்தெருவின் ஒவ்வொரு வாசலுக்கும் அலுவலகத்தாலேயே இலவசமாக வழங்கப்படும்.”

ஒரு வாசல் விடாமல் குழாய் பதித்தார்கள். ரிப்பன் வெட்டினார்கள். தலைமை அதிகாரி மேடையில் நின்று மடை திறக்க, தெரு ஜனங்கள் ஆளுக்கொரு செங்கல்மேல் நின்று கைதட்டினார்கள். அந்தப் பாரபட்சமற்ற பாய்ச்சலில் கண்ணாடியக்காவுக்கும் சலவைக்கடைக்காரருக்கும் இடையே இருந்த மனஸ்தாபம் கரைந்து போயிற்று. இரண்டு கடையிலும் ஈ ஓட்டும் வேலைதான் என்பதால் பேசவும் நிறைய நேரம் கிடைத்தது.

“நாம மட்டும் கஷ்டப்படலேங்கறதே ஒரு நிம்மதி, இல்லண்ணா?” என்றாள் அவள்.

“நிம்மதின்னு மட்டுமா சொல்றே? வந்து திறந்துவெச்சது யார்? தலைமை அதிகாரி!”

அப்படி ஒரு நாள் பேசிக்கொண்டிருக்கும்போது தெருமுனையில் கூச்சல் கேட்டது. அடுத்த தெருக்காரர்கள் பதாகை பிடித்துக்கொண்டு வந்தார்கள். அவர்கள் தெரு கண்ணாடிபோல் சுத்தமாக இருக்கும். துளி ஈரம் கிடையாது. “இந்தத் தெருவுக்கு மட்டும் சலுகையா? எங்கள் பங்கு எங்கே?” என்று தொண்டை கிழியக் கத்தினார்கள்.

சிரித்து வயிறு வலித்திருக்க வேண்டிய இடம் அது. கண்ணாடியக்காவுக்குச் சிரிப்பு வரவில்லை. முகம் சிவந்து போயிற்று. செங்கல்லைவிட்டுச் சளக்கென்று நடுவில் இறங்கினாள்.

“மெயில் எழுதினது நாம, டெண்டர் போட்டது நாம, நாறிப்போனது நாம. நோகாம இவங்களுக்குப் பங்கு வேணுமாம்!”

“தம்பியைக் கூப்பிடு தங்கச்சி” என்று சலவைக்கடைக்காரரும் இறங்கினார். “உடனே ஒரு மெயில் எழுதச் சொல்லு.”

“எழுதி விட்டுட்டு உட்கார்ந்திருந்தா ஆகாதுண்ணா. நீங்க அந்தப் பக்கம் மணல் மூட்டையை அடுக்குங்க, நான் இந்தப் பக்கம் பார்த்துக்கறேன். இங்கேயிருந்து ஒரு சொட்டுகூட அந்தத் தெருவுக்குப் போகக்கூடாது.”