ஒரு ஆளுக்கு எதற்கு இவ்வளவு பெரிய ஹீட்டர்?

பசை காயவே இல்லை. ஒட்டி, இரவெல்லாம் இறுக்கி வைத்திருந்த மேசைப் பலகைகள் கையோடு தனித்தனியே வந்துவிட்டன. கனடாவில், சஸ்காட்செவானின் ஜனவரிக் குளிரில் பசைதான் பாவம் என்ன செய்யும்? மாதக் கடைசியில் மகள் கெண்ட்ராவின் கல்யாண விருந்து. அதற்கு இந்த மேசைதான் என்று வாக்குக் கொடுத்திருந்தார் வெண்டல்.

"வீட்டுக்குள்ள கொண்டாந்து ஒட்டுங்களேன்," என்றாள் மனைவி இர்மா.

"பட்டறை வேலையப் பட்டறையிலதான் செய்யணும்."

இருப்பதிலேயே மலிவான மின்சார ஹீட்டரை வாங்கி வந்தார். வெளியே நின்ற இர்மாவின் காருக்கு இரவில் இன்ஜின் உறையாமலிருக்க பட்டறையாக்கியிருந்த கராஜிலிருந்துதான் ஒயர் போயிருந்தது. இரண்டும் ஒரே லைன். ராத்திரி ட்ரிப் ஆனது. காலையில் கார் கல்லாகிவிட்டது. ஆஸ்பத்திரி டியூட்டிக்கு இர்மா பக்கத்து வீட்டு வண்டியில் போனாள். ஒரு வார்த்தை திட்டவில்லை. அதுதான் வெண்டலுக்குப் பயமாக இருந்தது.

அடுத்தது கேஸ் ஹீட்டர். சூடு வந்தது, கூடவே ஈரமும் வந்தது. கூரை சொட்டியது, ரம்பம் துருப்பிடித்தது. ஈரம் போக ஜன்னலைத் திறந்தார், சூடும் போய்விட்டது.

மறுநாள் கெண்ட்ராவின் நண்பன், எலெக்ட்ரீசியன் ஓரெஸ்ட், கூப்பிடாமலே வந்து நின்றான்.

"மாமா, ஓட்டப் பானையில எவ்வளவு ஊத்தினாலும் நிக்காது. முதல்ல இந்தப் பெரிய கதவ ஃபோம் வச்சு, பலக அடிச்சு மூடுங்க. ஹீட்டர நான் பாத்துக்கறேன்."

தனி லைன் இழுத்து, கூரையில் பெரிய ஹீட்டர் ஒன்றைத் தொங்கவிட்டான்.

"ஒரு ஆளுக்கு எதுக்குடா இவ்வளவு பெருசு?"

"பழசுதான், ஆனா இன்னும் இருபது வருஷம் உழைக்கும். விலையும் கம்மியாத்தானே சொன்னேன்? பேசாம இருங்க."

அதற்குப் பிறகு வெண்டல் செய்த வேலையைப் பாராட்டாமல் இருக்க முடியாது. அத்தனை நீள மேசையில் எங்கே தடவினாலும் இணைப்பு விரலில் படவில்லை. மெழுகு பூசி நிமிர்ந்தபோது அவருக்கே கண் கலங்கியது.

விருந்துக்கு முதல்நாள் அதைத் தேவாலயக் கூடத்துக்குத் தூக்கப் போனார்கள். பக்கவாட்டுக் கதவு வழியாகப் போகவில்லை. சாய்த்தாலும் போகவில்லை, திருப்பினாலும் போகவில்லை. பெரிய கதவோ அவர் கையாலேயே அடைக்கப்பட்டுக் கிடந்தது. இர்மா சிரிப்பை அடக்கிக்கொண்டு வேறு பக்கம் பார்த்தாள்.

வெண்டல் கடப்பாரையை எடுத்தார். ஓரெஸ்ட் அதைப் பிடித்துக்கொண்டான்.

"கீழ வைங்க மாமா. சாப்பாடு கூடத்துல இல்ல, உங்க பட்டறையிலதான், முப்பது பேரு வருவாங்க, குளிரக் கூடாதுன்னு சொல்லித்தான் உங்க பொண்ணு என்னை இங்க அனுப்பினா."