செல்லுக்குள் புகுந்தவனும் எங்கள் வீட்டு அடுப்பும்

பேத்திக்கு,

இங்கே எல்லாரும் நலம். அங்கே நீயும் உன் ஆய்வுக்கூடத்துக் கிருமிகளும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

நீ லீவுக்கு வந்து சாப்பாட்டு மேசையில் கம்ப்யூட்டரை விரித்துப் படம் காட்டிய அன்று அங்கே இருந்தவர்கள் நான், உன் அப்பன், உன் அம்மா, என் கத்தரிக்கோலை வாங்கிப்போய் மழுங்கடித்துத் தந்த பக்கத்து வீட்டுத் தையல்காரி, அப்புறம் உன் மாமன். வேலை போய்விட்டது, ஒரு வாரம் அக்கா வீட்டில் இருக்கிறேன் என்று வந்தவனுடைய பெட்டி இன்னும் என் கட்டிலுக்கு அடியில்தான் கிடக்கிறது.

சில கிருமி நம் உடம்புச் செல்லுக்குள்ளேயே குடிவந்துவிடும் என்றாய். செல்லுக்குச் சக்தி காய்ச்சித் தரும் அடுப்பு மைட்டோகாண்ட்ரியாவாம், வந்த கிருமி அதன் பக்கத்தில் போய் ஒண்டிக்கொள்ளுமாம். ஒரு வகை அந்த அடுப்பைத் துண்டு துண்டாக உடைக்கும், இன்னொரு வகை உடையவே விடாது, அணைந்தால் தனக்குச் சாப்பாடு ஏது என்று. எல்லாரும் சிரித்தார்கள். உன் மாமன்தான் பலமாகச் சிரித்தான். அதை நான் குறித்துக்கொண்டேன்.

அன்றிலிருந்து பார்க்கிறேன், அவன் உட்காருவது சமையலறை ஸ்டூலில். உப்பு கூடிப்போச்சு என்று நானும் உன் அம்மாவும் ஆரம்பித்தால் போதும், நடுவில் வந்துவிடுவான். "விடுங்க அத்தை, அக்கா ஏதோ அசதியில பேசிட்டா." அந்தப் பக்கம் திரும்பி அவளையும் தடவிக்கொடுப்பான். சமாதானமாகி டீ போட்டால் முதல் டம்ளர் அவனுக்கு. மாசா மாசம் தனி அடுப்பு வைக்கக் கிளம்புகிறவள் நான், இவன் வந்த பிறகு ஒருதரம்கூட முடியவில்லையே! இவன் அந்த இரண்டாம் வகை.

போனில் கேட்டதற்கு, மைட்டோகாண்ட்ரியாவே ஒரு காலத்தில் வெளியே இருந்து வந்து தங்கிப்போன கிருமிதான் என்றாய். அப்படிச் சொல்லு, அடுப்பும் வந்தவனும் ஒரே வம்சம். உன் அம்மாவும் அவள் தம்பியும் மாதிரி.

அவன் போகணும், இல்லை நான் போகணும் என்று உன் அப்பனிடம் சொல்லிவிட்டேன். படித்தவளாக நீயும் இரண்டு வரி எழுதிப் போடு. ஒரு கிருமியும் அண்டாமல் நன்றாயிரு.

உன் பாட்டி

பி.கு.: கவரை ஒட்டுவதற்குள் உன் மாமன் பெட்டியோடு போய்விட்டான். மறுநாள் காலையில் உப்புப் பேச்சு வந்தது, நடுவில் வர ஆளில்லை. இப்போது உன் அம்மாவுக்குச் சமையலறை, எனக்குப் பால்கனியில் கரண்ட் அடுப்பு. நான் போட்ட டீயை என்னாலேயே குடிக்க முடியவில்லை. மேலே எழுதியதையெல்லாம் அடித்துவிட்டு அவனைக் கையோடு கூட்டிக்கொண்டு வா. பிறந்ததிலிருந்து நான் சொன்ன ஒரு பேச்சையும் கேட்காத உன் அப்பன், இதை மட்டும் கேட்டு அவனைப் போகச் சொல்லியிருக்கிறான். தையல்காரியைக்கூட மன்னித்துவிட்டேன், உன் அப்பனை மாட்டேன்.