பதினாலாவது ஒத்திகை

ஒத்திகை அப்பா என்று ஓர் இனம் இருக்கிறது. நீங்கள் பார்த்திருப்பீர்கள். குழந்தை இன்னும் வயிற்றுக்கே வந்து சேர்ந்திருக்காது. அதற்குள் இவர்கள் அப்பா உத்தியோகத்தில் ரிட்டயர் ஆகப்போகிறவர்கள் மாதிரி பேசுவார்கள். நாலு பிள்ளை பெற்று ஆளாக்கியவளை நடுத்தெருவில் நிறுத்தி வைத்து, தொட்டிலில் குழந்தையை எப்படிக் கிடத்த வேண்டும் என்று பாடம் எடுப்பார்கள். கேட்கிறவள் கொட்டாவி விட்டால், ‘தூக்கம் பத்தலையா? அதுக்கும் ஓர் அட்டவணை வச்சிருக்கேன், தரட்டுமா?’ என்பார்கள்.

எங்கள் ஃபெர்ன் லேக்கில் இந்த இனத்துக்குத் தலைவன் ட்ரெவர் ஹால்வர்சன். மினசோட்டாவில் மற்ற ஊர்களிலும் கிளைகள் உண்டு என்று கேள்வி, தலைமையகம் இங்கேதான். சிப்ஸ் ஃபேக்டரியில் பாதுகாப்பு மேற்பார்வையாளர். அதாவது, தீப்பிடிக்காத நாளில் விசில் ஊதி, முந்நூறு பேரைப் பனியில் கொண்டுபோய் நிறுத்தி, ஸ்டாப்வாட்சைப் பார்த்து உதட்டைப் பிதுக்குகிற வேலை. பதினோரு வருஷமாக அங்கே ஒரு தீக்குச்சி அளவுக்குக்கூட நெருப்புப் பிடித்ததில்லை. தன்னைப் பார்த்துத்தான் நெருப்பு பயந்து ஒதுங்கியிருக்கிறது என்பது அவன் எண்ணம்.

குழந்தை பெற்றுக்கொள்ளலாமா என்று அவன் மனைவி ஷெல்பி ஒருநாள் காபியைக் கலக்கிக்கொண்டே கேட்டாள். பாவம், சாதாரணமாகத்தான் கேட்டாள். மறுநாள் காலையில் ஃப்ரிட்ஜ் கதவு தெரியவில்லை, அட்டவணைதான் தெரிந்தது. முன்கூட்டியே ஃபோலிக் ஆசிட் மாத்திரையை ஆரம்பித்துவிடு என்று டாக்டர் ஷெல்பியிடம் சொன்னால், இவனும் பக்கத்தில் நின்று தினம் ஒன்றை விழுங்கினான். சோதனைக் குச்சியில் இரண்டாவது கோடு தெரிந்த அன்றைக்கு, ‘நாங்க கர்ப்பமா இருக்கோம்’ என்று ஃபேக்டரி முழுக்க அறிவித்தான். வாந்தியை மட்டும் அவள் தனியாகத்தான் எடுத்தாள்.

பிறகு பிரசவ வகுப்பு. மூச்சை இழுத்து இழுத்து விடச் சொன்னாள் நர்ஸ். ட்ரெவர் வகுப்பிலேயே முதலாவதாக வந்துவிட வேண்டும் என்று இழுத்த இழுப்பில் மயங்கி விழுந்தான். எட்டு கர்ப்பிணிகள் சேர்ந்து அவனைத் தூக்கி உட்காரவைத்து ஆரஞ்சு ஜூஸ் கொடுத்தார்கள். வெட்கப்பட்டானா? அடுத்த வாரம், மயங்கி விழுகிறவர்களை எப்படிக் கையாள்வது என்று அந்த நர்ஸுக்கே மூன்று யோசனை எழுதிக்கொண்டு போனான்.

வீட்டில் பெட்டி மாதிரி ஒரு பெரிய ஃப்ரீசர். அதில், குழந்தை வந்த பிறகு சூடாக்கிச் சாப்பிட, இறைச்சியும் உருளைக்கிழங்கும் அடுக்கிச் சுட்ட ஹாட்டிஷ் நாற்பத்தாறு தட்டு. யார் சுட்டது என்றா கேட்கிறீர்கள்? தேதி ஒட்டியது ட்ரெவர்.

அதே ஃப்ரீசரில்தான் கோழியும் இருந்தது. ஏழு பவுண்டு, உறைந்த முழுக்கோழி. டயபர் கட்டிப் பழக பொம்மை போதாதாம், கனம் இருக்காதாம். கோழியைச் சாப்பாட்டு மேஜையில் மல்லாத்தி, பத்தொன்பது செகண்டில் டயபர் கட்டி, தலை இருக்க வேண்டிய இடத்தில் கம்பளிக் குல்லாய் மாட்டித் தோளில் சாய்த்துத் தட்டிக்கொடுப்பான். கோழி நன்றாக ஒத்துழைத்தது. உதைக்கவில்லை, அழவில்லை. ‘பார்த்தியா, எல்லாம் பிடிக்கிற பிடியிலதான் இருக்கு’ என்பான்.

இத்தனைக்கும் ஷெல்பி கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

“ட்ரெவர், எனக்கு எந்த லிஸ்டும் வேணாம். அந்த நேரத்துல அந்தச் சனியன் வாட்ச்சைத் தூக்கிப் போட்டுட்டு என் கையைப் பிடிச்சுக்க. நான் பொறந்தப்ப எங்கப்பா பார்க்கிங்ல வண்டிய நேரா நிறுத்திட்டு இருந்தாராம். எங்கம்மா இன்னிக்கும் சொல்லிக் காட்டுவாங்க.”

“கையா? அது இருக்கே! பதினோராம் பக்கம், நாலாவது வரி. நீ படிக்கவே இல்லையா?”

ஏழாம் மாதத்திலிருந்து ஆஸ்பத்திரிக்குப் போகும் ஒத்திகை. ஞாயிற்றுக்கிழமைதோறும், சில வாரம் நடுவிலும். இவன் விசில் ஊதுவான். அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு முனக வேண்டும். முனகலுக்கு மார்க் உண்டு. ஒன்பதாவது ஒத்திகையில், ‘சும்மா நடிச்சு நடிச்சு இடுப்புதான் வலிக்குது’ என்று அவள் சிரித்துவிட்டாள். ஃபேக்டரியில் இப்படிச் சிரித்தால் மெமோ. வீட்டில் மெமோ கொடுக்க முடியாதே! அதனால் அவள் பேச வேண்டிய வசனத்தை எழுதியே கொடுத்துவிட்டான்: ‘ட்ரெவர், இது ஒத்திகை இல்ல. நிஜம்.’ ஒவ்வொரு ஒத்திகையிலும் அவள் இதைக் கட்டாயம் சொல்ல வேண்டும். சொன்னால் இரண்டு மார்க் கூடுதல்.

புத்திசாலித்தனத்துக்கு இதற்கு மேல் என்ன வேண்டும்?

பதினாலாவது ஒத்திகை. ஞாயிறு காலை பத்து மணி. டாக்டர் சொன்ன தேதிக்கு இன்னும் இரண்டு வாரம் இருந்தது. விசில் ஊதினான். ஷெல்பியைப் பின்சீட்டில் ஏற்றினான். பக்கத்தில் குழந்தை இருக்கை. அதில் பெல்ட் போட்டு, குல்லாயோடு கோழி. பின்கதவுகளுக்கு இப்போதே குழந்தைப் பூட்டு, உள்ளேயிருந்து திறக்காது. கண்ணாடியும் இறங்காது. கவனம் சிதறக்கூடாது என்று அவள் போன் முன்சீட்டில், ஆஸ்பத்திரிப் பையோடு.

இரண்டாவது மைலில் ஷெல்பி கதவுக் கைப்பிடியை இறுகப் பிடித்தாள்.

“ட்ரெவர்… இது நிஜம்.”

“சபாஷ்! இன்னிக்கு சீக்கிரமே சொல்லிட்ட.”

“இல்லடா, நிஜமாவே நிஜம்!”

“‘நிஜமாவே’ நான் எழுதலையே. பரவாயில்ல, நல்லாத்தான் இருக்கு. அடுத்த வாரத்துல இருந்து சேர்த்துக்கலாம்.”

அப்புறம் அவள் பேசியதெல்லாம் அவன் எழுதாத வசனங்கள். அவனுடைய அப்பா, அம்மா, ஃபேக்டரி ஒன்றையும் விடவில்லை. ட்ரெவர் கண்ணாடியில் பார்த்துப் பார்த்துப் பூரித்தான். சீட்டில் தண்ணீர் கொட்டியது. “பனிக்குடம் உடைஞ்சிடுச்சு!” என்று அலறினாள். “பாட்டில் கொண்டு வந்தியா? பலே கைகாரி!” என்றான்.

ஆஸ்பத்திரி வாசல் வந்தது. நிறுத்தினான். ஸ்டாப்வாட்சை அழுத்தினான். பதினேழு நிமிஷம் நாற்பது செகண்டு. சாதனை!

வாசலில் காவலாளி லெராய் நின்றிருந்தார். அறுபதைத் தாண்டியவர், நல்ல மனுஷன். பதிமூன்று தடவை இந்த வண்டியைப் பார்த்துவிட்டார். முதல் தடவை தள்ளுநாற்காலியோடு ஓடி வந்து, ‘ஒத்திகையைக் கெடுக்காதீங்க சார்’ என்று ட்ரெவரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவர். இப்போது ஷெல்பி கண்ணாடியை இரண்டு கையாலும் அறைந்துகொண்டு கத்துகிறாள். லெராய் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார். “இன்னிக்கு அசத்திட்டம்மா!” என்று வாழ்த்தவும் செய்தார்.

ட்ரெவர் வண்டியைத் திருப்பி வீட்டுக்கு விட்டான்.

நாலு நிமிஷத்தில் ரயில்வே கேட். கேட் மூடியிருந்தது. தானியம் ஏற்றிய சரக்கு ரயில், தலை எங்கோ, வால் எங்கோ.

“முனகலுக்குப் பத்துக்கு எட்டு” என்றான் ட்ரெவர், திரும்பாமலே. “கடைசியில கொஞ்சம் ஓவரா—”

ஷெல்பி கோழியை பெல்ட்டிலிருந்து உருவி எடுத்தாள். ஏழு பவுண்டு. குல்லாயோடு அவன் பின்மண்டையில் ஒன்று வைத்தாள்.

பதினாலு ஒத்திகையில் அவன் மண்டைக்குள் ஏதாவது இறங்கியது என்றால் அது இதுதான். திரும்பிப் பார்த்தான். அவள் முகத்தைப் பார்த்தான். சீட்டைப் பார்த்தான்.

“ஷெல்பி… நிஜமாவா?”

இதற்கு அவள் சொன்ன பதிலை அச்சில் போட முடியாது.

நல்லவேளை, பின்னால் வந்து நின்றது பக்கத்து வீட்டு டோனாவின் பிக்அப். ஸ்கூல் பஸ் ஓட்டுகிறவள், சர்ச்சிலிருந்து வந்துகொண்டிருந்தாள். கண்ணாடியில் ஒட்டிய கையைப் பார்த்ததும் இறங்கி ஓடிவந்து கதவைத் திறந்தாள்.

“அடப்பாவி, ஆஸ்பத்திரி அந்தப் பக்கம் இருக்கு, இவன் எங்கடா கூட்டிட்டுப் போறான்? வா கண்ணு, என் தோளைப் பிடி. டேய் ட்ரெவர், நீயும் ஏறு!”

ட்ரெவர் ஏறவில்லை. தடுப்புக்கு அப்பால் வீடு இருக்கும் திசையைப் பார்த்தான்.

“இது ஒத்திகைப் பை. நிஜப் பை வீட்ல இருக்கு. நீங்க முன்னாடி போங்க, எடுத்துட்டு வந்துடறேன்.”

“எனக்குப் பை வேணாம் ட்ரெவர்” என்றாள் ஷெல்பி. குரல் இறங்கிவிட்டது. “உன் கைதான் வேணும்.”

“ரெண்டே நிமிஷம்!”

டோனா வண்டியைத் திருப்பினாள். மூன்று நிமிஷத்தில் வாசலில் நின்றாள். போனது, ட்ரெவர் ‘ஏற்றதல்ல’ என்று வரைபடத்தில் சிவப்பு மையால் அடித்திருந்த பாதையில். தள்ளுநாற்காலியோடு ஓடி வந்த லெராய்க்கு முகத்தில் ஈயாடவில்லை.

இங்கே ட்ரெவர் கேட்டுக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து, தலையைத் தடவிக்கொண்டே ரயில் பெட்டிகளை எண்ணிக்கொண்டிருந்தான். நூற்றுப் பன்னிரண்டு. எண்ணாமல் இருக்க முடியுமா, சொல்லுங்கள்?

நிஜப் பை, மாற்றுப் பை, நீச்சல் உடை உட்பட எல்லாம் இருந்த மூன்றாவது பை ஆகியவற்றோடு அவன் அறைக்குள் நுழைந்தபோது பெண் பிறந்து பதினைந்து நிமிஷம் ஆகியிருந்தது. டோனா ஜன்னலோரம் நின்று வலது கையை உதறிக்கொண்டிருந்தாள். நாலு விரலிலும் நகம் பதிந்த தடம். மறுநாள் அவளால் ஸ்டியரிங் பிடிக்க முடியவில்லை.

“எத்தனை மணிக்குப் பொறந்தது?” என்றான் ட்ரெவர். முதல் கேள்வி இது.

ஷெல்பி அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். அழவில்லை.

“முனகலுக்கு இப்ப எவ்வளவு மார்க்?” என்றாள்.

சட்டைப் பையைத் தடவிப் பார்த்தான். முதல் தடவையாக அவனிடம் பதில் எழுதிய தாள் இல்லை. நர்ஸ் குழந்தையை அவன் கையில் கொடுத்தாள். கோழியைப் பிடித்த அதே பிடி; அத்தனை கச்சிதம். குழந்தை அலறியது, உதைத்தது, சட்டை நனையும்படி ஒரு காரியமும் செய்தது.

“கோழி இப்படிச் செய்யலையே” என்றான் மெதுவாக.

“கோழிக்கு நீ வராததும் தெரியலை” என்றாள் டோனா.

திருந்திவிட்டானா என்றா கேட்கிறீர்கள்? ஃபேக்டரியில் கேட்டுப் பாருங்கள். எல்லாம் சரியாகத்தான் இருந்ததாம், ரயில்தான் அட்டவணைப்படி நடக்கவில்லையாம். இப்போது குழந்தையின் முதல் பள்ளிக்கூட நாளுக்கு ஒத்திகை பார்க்கிறான். டோனாவின் பஸ்ஸைத்தான் கேட்டிருக்கிறான். ஷெல்பி அதற்கப்புறம் அந்தக் காரின் பின்சீட்டில் ஏறுவதே இல்லை. வண்டியை அவளே ஓட்டுகிறாள்.

சிரித்துவிட்டீர்களா? நல்லது. நாளைக் காலை பயணத்துக்கு இன்றைக்கே பெட்டி கட்டி வாசலில் வைத்துவிட்டு, மூன்று தடவை எண்ணிப் பார்த்தவர் நீங்கள்தானே? வீட்டில் யாரோ எதையோ சொல்லிக்கொண்டிருந்தபோது, ‘அதெல்லாம் லிஸ்டில் இருக்கு’ என்று தலையாட்டியதும் நீங்கள்தானே? இதை மடித்து வைப்பதற்கு முன் ஒரே ஒரு தடவை உங்கள் பின்சீட்டைத் திரும்பிப் பாருங்கள். உங்கள் வீட்டிலும் ஃப்ரீசரில் உங்கள் பின்மண்டைக்கென்று ஒரு கோழி இருக்கிறது.