மூக்கின் மேல் ஆணை

நுனிமூக்கைத் தொட்டு வாக்குக் கொடுக்கும் பெரியமனிதர் இனத்தை நீங்கள் பார்த்திருப்பீர்கள். குவைத்தில் எந்த வீட்டுத் திவானியாவுக்குள் நுழைந்தாலும், ஆண்கள் மாலையில் சாய்ந்து தேநீர் குடிக்கும் அந்த நீளக் கூடத்தின் நடு மெத்தையில் ஒருவர் இருப்பார். எண்ணெய் தீர்ந்தாலும் தீரும், இவர்கள் தீரமாட்டார்கள்.

பூ ஜர்ராஹ், அதாவது ஜர்ராஹின் அப்பா, இந்த இனத்தின் நல்ல மாதிரி. பக்கத்து வீட்டுக்காரருக்கு மருத்துவமனையில் தனி அறையா, நண்பரின் மகனுக்கு வேலையா, யாரோ ஒருவரின் ஒட்டகத்துக்குப் பந்தயத்தில் இடமா, கேட்பவர் கேட்டு முடிப்பதற்குள் விரல் மூக்குக்குப் போய்விடும்.

"இந்த மூக்கு மேல ஆணை. முடிஞ்சுதுன்னு வச்சுக்க!"

முடிந்ததா? அதை ஏன் கேட்கிறீர்கள்!

அவருடைய தங்கை மகள் மனாயிர் பள்ளி ஆசிரியை. ஒரு வெள்ளிக்கிழமை கைக்குழந்தையோடு வந்தாள்.

"மாமா, என்னை வஃப்ராவுல போட்டுட்டாங்க. போக ஒரு மணி நேரம், வர ஒரு மணி நேரம். பிள்ளை பாலுக்கு அழுவுது. வீட்டுப் பக்கத்துல மிஷ்ரிஃப்ல இடம் காலியா இருக்காம். நானே போய்க் கேட்கட்டுமா?"

"நீ போய் நிக்கிறதா? அப்புறம் மாமான்னு நான் எதுக்கு இருக்கேன்?"

மூக்கு.

கல்வி அலுவலகத்தில் அவருக்குத் தெரிந்த ஒரே ஆள் ஓய்வுபெற்றுப் பல காலம் ஆகிவிட்டது. சொல்லியிருக்கலாம். சொன்னால் என்ன குறைந்துவிடும்? ஆனால் 'முடியாது' என்று சொல்வதைவிட, கோடையில் வெறுங்காலோடு வஃப்ராவுக்கே நடந்துவிடலாம் என்று நினைப்பவர் அவர்.

ஆகவே நண்பர் பூ நாயிஃபின் காதில் போட்டார். பூ நாயிஃப் மூக்கைத் தொட்டார். தன் பல் வைத்தியரிடம் சொன்னார். வைத்தியர் உறை மாட்டிய விரலாலேயே மூக்கைத் தொட்டார். தன் மைத்துனரிடம் சொன்னார். அந்த மைத்துனர் ஒரு கல்யாண வீட்டில் பூ ஜர்ராஹ் பக்கம் சாய்ந்தார்.

"ஒரு உதவி, பூ ஜர்ராஹ். வஃப்ராவுல ஒரு டீச்சர் பொண்ணு, கைக்குழந்தைக்காரி. மிஷ்ரிஃப்புக்கு மாத்தணும். கல்வி ஆபீஸ்ல உங்களை விட்டா யாரு?"

பூ ஜர்ராஹ் உருகிப்போனார். நம் மேல் ஊருக்கு இன்னும் எத்தனை நம்பிக்கை! யார் வீட்டுப் பெண் என்று கேட்பது மரியாதை இல்லை. பாவம், மனாயிரைப் போல எத்தனை பிள்ளைகள் கஷ்டப்படுகிறார்கள்!

"இந்த மூக்கு மேல ஆணை" என்றார்.

அடுத்த வெள்ளிக்கிழமை, சோற்றுத் தாம்பாளத்தைச் சுற்றிக் குடும்பமே உட்கார்ந்திருந்தபோது மனாயிர் சொன்னாள்:

"பொறுத்துப் பாத்துட்டு நானே கல்வி ஆபீஸுக்குப் போயிட்டேன் மாமா. அஞ்சு நிமிஷ வேலை. ஆனா மிஷ்ரிஃப் இடம் முந்தாநாள்தான் போச்சாம். 'ஏம்மா முன்னாடியே வரலை?'ன்னு அங்க இருந்த அம்மா கேட்டாங்க. சபாஹியாதான் கிடைச்சுது. பாதித் தூரம்."

தாம்பாளத்தைச் சுற்றிக் கைகள் நின்றன. எல்லோரும் சோற்றின் மேலிருந்த ஆட்டுத் தலையையே பார்த்தார்கள். பூ ஜர்ராஹின் முகம் ஒரு கணம் சுருங்கியது. ஒரே ஒரு கணம்தான்.

"சபாஹியாவா? அட, அங்க தலைமையாசிரியையோட அண்ணன் நம்ம..."

"மாமா, கையை இறக்குங்க!"

சிரிக்கிறீர்கள். நல்லது. போன மாதம் ஒருவர் உங்களிடம் ஒரு காரியம் சொன்னாரே, நீங்களும் "நான் பாத்துக்கறேன்" என்றீர்களே? அவர் வேறு யாரிடமும் கேட்கவில்லை. நீங்கள் கூப்பிடுவீர்கள் என்று உட்கார்ந்திருக்கிறார்.