மொட்டைமாடியில் காயப்போட்ட மூளை

ஈரத்தைக் கண்டால் என் கை சும்மா இருக்காது. அது ஒரு வியாதி. ஒப்புக்கொள்கிறேன்.

சிவகாசிப் பக்கம் பட்டாசுக் கம்பெனியில் இருபது வருசமாக வேலை. நாங்கள் செய்வதெல்லாம் வெயிலில் காய வேண்டும். காயாத சரக்கு வீண் சரக்கு. மூன்று வருசத்துக்கு முன் ஒரு வாரம் விடாத மழை. வேலை இல்லை. வாசலுக்கும் அடுப்படிக்கும் நடந்துகொண்டே இருந்தேன். ("உக்காருங்க, தரை தேயுது" என்றாள் மனைவி.)

அப்போதுதான் தங்கச்சி வந்தாள். மதுரையில் ஆராய்ச்சிப் படிப்பு. நான் எட்டாவதோடு சரி. அவள் கையில் ஒரு சின்னப் பெட்டி. உள்ளே ஈரப் பஞ்சு, அதன் மேல் கண்ணாடித் துண்டு, அதில் நீலப் பூச்சு, பூச்சின் மேல் நுங்கு மாதிரி ஒரு சொட்டு.

"என்ன தாயி இது?"

"செயற்கை நரம்பு இணைப்புண்ணே. இந்தப் பூச்சுல கரண்டும் ஓடும், உப்புத் துகளும் நகரும். விட்டு விட்டுக் கரண்டு கொடுத்தா மூளை மாதிரி பழகிக்கும். நாலு நாளாப் பழக்கியிருக்கேன்."

"எனக்கு ஒண்ணு வைப்பியா?"

"மொதல்ல இது தேறட்டும்."

மறுநாள் விருதுநகரில் ஒரு கல்லூரியில் பெரிய ஆள்கள் முன் ஓட்டிக் காட்ட வேண்டும். தேறினால் வெளிநாட்டு ஆய்வகத்தில் மூன்றாண்டு. "பெட்டிய மட்டும் தொட்ராதீக" என்று சொல்லிவிட்டு, என் மனைவியோடு மாரியம்மன் கோயிலுக்குப் போனாள்.

அவள் போனதும் வெயில் அடித்தது. ஒரு வாரத்துக்கு அப்புறம் வெயில்! பெட்டியைத் திறந்தேன். கண்ணாடி வேர்த்திருந்தது. பாவம், படித்த பிள்ளை, காயவைக்கத் தெரியவில்லை என்று நினைத்தேன்.

பொறுப்பாகத்தான் செய்தேன். கம்பெனியில் வெடிமருந்து அறைக்குள் நுழையுமுன் உடம்பிலிருக்கும் மின்சாரம் இறங்கச் செம்புத் தகட்டைத் தொடுவோம். வீட்டில் தகடு இல்லை. தண்ணீர்க் குழாயைத் தொட்டேன். மாடியில் காகிதம் விரித்துக் கண்ணாடித் துண்டை வைத்தேன். நிழல் நகர நகர இடம் மாற்றினேன். (அப்பளம்கூட இம்புட்டு மரியாதையைப் பார்த்திருக்காது.)

கோயிலிலிருந்து வந்தவள் கேட்டாள்: "அண்ணே, பெட்டி ஏன் காலியா இருக்கு?"

"காயுது."

"என்ன காயுது?"

"உன் மூளைதான். மொறுமொறுன்னு இருக்கு, வந்து பாரு."

நுங்கு சுருங்கியிருந்தது. பூச்சு செதில் செதிலாக உரிந்திருந்தது. கம்பி மாட்டிப் பார்த்தாள். மடிக்கணினியில் கோடு அசையவில்லை.

"ஈரம் இருந்தாத்தாண்ணே உப்பு நகரும்" என்றாள். திட்டவில்லை. அதைத்தான் தாங்க முடியவில்லை. உப்புத் தண்ணீர் கலக்கிக்கொண்டு ஓடினேன். "போதும்ணே. இங்கன உக்காருங்க." உட்கார முடியவில்லை.

மறுநாள் காய்ந்த கண்ணாடியையே காட்டி நடந்ததைச் சொன்னாளாம். எல்லாரும் சிரித்தார்களாம். வெளிநாட்டு வாய்ப்பு வேறொருவருக்குப் போனது. அடுத்த வருசம்தான் இவளுக்குக் கிடைத்தது.

இப்போது அங்கிருந்து படம் அனுப்புகிறாள். ஒவ்வொரு பெட்டியிலும் தமிழில் எழுதி ஒட்டியிருக்கிறாள்: "அண்ணே, காயப்போடாதீக." அங்கே தமிழ் படிக்க ஆள் கிடையாது.

வீட்டில் இன்னும் மோசம். கடைக்குப் போய் எதையாவது மறந்துவிட்டு வந்தால், மனைவி என் உச்சந்தலையைத் தொட்டுப் பார்க்கிறாள். "யாரோ உங்களயும் மாடியில காயப்போட்டுட்டாக."